முடிந்த கதையும் புதிய அத்தியாயமும்

பிறர் படைத்த கதைக்குச் சுவைஞர் புதிய அத்தியாயம் எழுதுவது படைப்பாகுமா, போலியாகுமா? விமர்சனம் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவாகும். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடர் 79 அத்தியாயங்களுடன் 1969இல் நின்றது. அதன் சுவைஞர்களோ 1967 முதலே தாம் வெளியிட்ட சிற்றிதழ்களில் அக்கதையை வளர்த்தனர். தொடர் நின்ற பின்னரும் எழுதினர்.

இஃது மேனாட்டுப் புதுமையென்போர் வன்னியை நோக்குதல் தகும். சிலப்பதிகாரக் கண்ணகி சேரநாட்டு மலையில் வேங்கை நிழலில் நின்று விண்ணுலகு செல்கிறாள். வன்னி மக்கள் கதையை அங்கு முடிக்கவில்லை. அவள் இலங்கை வந்து பத்தாவதாகத் தங்கிய இடமே 'பத்தாப்பளை'யாகிப் பின் வற்றாப்பளையாயிற்று என்பது முல்லைத்தீவு மரபு. நந்திக்கடலோரம் மூதாட்டியாக வந்தவளுக்கு இடைச்சிறுவர் பொங்கிப் படைத்தனர். எண்ணெயின்மையால் கடல்நீரில் விளக்கேற்றினர். வைகாசிப் பொங்கலில் இன்றும் கடல்நீரிலேயே விளக்கெரிகிறது.

இவ்வத்தியாயம் மூலத்துக்கு அயலானதன்று. மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலந் தந்தவள் இடைக்குல மாதரி. கண்ணகி கணவனுக்கு இறுதியாக உணவு சமைத்ததும் அவ்வாயர் மனையிலேயே. வஞ்சிக்காண்டம் அவளை அரசன் எடுப்பித்த கோயிலில் அமர்த்துகிறது; வன்னிக்கதை மீண்டும் இடையரிடம் சேர்க்கிறது. நகரை எரித்த தீ இங்கு விளக்காகிறது.

மூலத்தின் உயிர்ப்பை மறவாது, தன் மண்ணையும் மறைக்காது எழுதப்படும் அத்தியாயம் போலியன்று. அற்புதங்களை மட்டும் பெருக்குவதே போலி. விண்கலக் கதையை வளர்ப்போருக்கும் இவ்வளவுகோலே பொருந்தும்.