கேட் தேர்வுக்குத் தனியே படிப்பது: மூன்று புத்தகங்களும் ஒரு கல்வெட்டும்

அக்கா மகள் பி.காம். கடைசி வருஷம். கல்லூரி காஞ்சிபுரத்தில், வீடு எங்கள் உத்திரமேரூரில். ஜூலையில் ஒரு நாள் வந்து, "மாமா, நான் கேட் எழுதப் போறேன். கோச்சிங்லாம் வேணாம், நானே படிச்சுக்கறேன்" என்றாள். இதில் கொள்கை எதுவும் இல்லை. நேரில் போய்ப் படிக்க வேண்டுமென்றால் சென்னை, 90 கிலோமீட்டர். ஆன்லைனில் சேரலாம், ஆனால் அந்தப் பணத்துக்கு அக்கா வீட்டில் வேறு செலவு காத்திருக்கிறது. விண்ணப்பக் கட்டணமே 2,500 ரூபாயைத் தாண்டிவிட்டது.

அலமாரியில் இருந்த என் பழைய ஆர்.எஸ். அகர்வாலை எடுத்துக் கொடுத்தேன். அருண் சர்மாவின் கணிதப் புத்தகமும் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'யும் வாங்கினோம். தனியாகப் படிக்கிற பலர் கையிலும் இருப்பவை இவைதான். நான்கு மாதம் அவளோடு உட்கார்ந்து பார்த்தபின் இந்தப் புத்தகங்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லூயிஸை முதலில் முடித்துவிடலாம். 1949-இல் வந்த புத்தகம், வேர்ச்சொல் வழியாகச் சொற்களைக் கற்றுத் தரும் அருமையான புத்தகம். ஆனால் கேட்டில் சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்விகள் போய்ப் பல வருஷம் ஆகிறது. படிங்க, நல்லது. தேர்வுக்கு என்று படிக்காதீங்க.

அகர்வால் வங்கித் தேர்வுக்காரர்களின் வேதம். வட்டி, சதவீதம், படகும் நீரோட்டமும், குழாயும் தொட்டியும். அடிப்படை இல்லாதவருக்கு அது வேண்டும். வேகப் பெருக்கலுக்கு அது தரும் பயிற்சியைத்தான் என் மருமகள் ஒரு மாதம் செய்தாள். கேட்டில் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது என்பதை இருவரும் ஆகஸ்டில்தான் கவனித்தோம். இது எங்கள் தப்பு, அகர்வால் தப்பு இல்லை.

அருண் சர்மா கேட்டுக்காகவே எழுதப்பட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கடினநிலை, எல்.ஓ.டி. ஒன்று, இரண்டு, மூன்று. கணக்குகள் நல்ல கணக்குகள். என் குறை வேறு இடத்தில். இந்த அமைப்பு படிப்பவரை முடிக்கச் சொல்கிறது. ஒன்றை முடித்தால் இரண்டு, இரண்டை முடித்தால் மூன்று. மூன்றில் மாட்டிக்கொண்டால் "நமக்கு வரல" என்று அழுகை. தனியே படிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "இதை விடும்மா" என்று சொல்ல யாரும் கிடையாது. அந்த வேலையைப் புத்தகம்தான் செய்திருக்க வேண்டும்.

ஏனென்றால் தேர்வு கேட்பதே விடுவதைத்தான். 2020-இலிருந்து கேட் இரண்டு மணி நேரம். ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததுக்குக் கொண்டுபோக முடியாது. 2024-இல் 68 கேள்விகள், 204 மதிப்பெண். ஏறக்குறைய பாதி எடுத்தவர்களே 99 பெர்சன்டைல் பக்கம் இருக்கிறார்கள். அதாவது உச்சியில் இருப்பவரே தாளில் பெரும்பகுதியை விட்டுவிட்டு வருகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து "ஒரு கேள்வியும் விடாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது குழாய்க் கணக்கைவிடக் கஷ்டம்.

சரியான விடைக்கு 3, தவறுக்கு மைனஸ் 1. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் சராசரி லாபம் சுத்தமாகப் பூஜ்யம். ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரி மூன்றில் ஒரு மதிப்பெண் கிடைக்கும், இரண்டை நீக்கினால் ஒரு முழு மதிப்பெண். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் தவறுக்குக் கழிவே இல்லை, அங்கே வெற்றாக விட்டு வருவது வீண். இந்த நாலு வரிக் கணக்கை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வாசிப்பு. "தினமும் 'தி இந்து' தலையங்கம் படி" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. கேட்டில் வரும் பத்திகள் தலையங்கம் மாதிரி இருப்பதில்லை. மானுடவியல், சூழலியல், பொருளாதார வரலாறு, தத்துவம் என்று எங்கிருந்தோ எடுத்த நீண்ட கட்டுரைத் துண்டுகள். கேள்வி, இதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எது உண்மையானால் ஆசிரியரின் வாதம் பலவீனமாகும் என்று போகும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவளுக்கு ஆங்கிலம்தான் தடை என்று நானும் நினைத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு வேலை செய்தேன்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை. அதன் சாரத்தைத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினேன். 30 குடும்பு, இறை கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வரக்கூடாது. தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்க வேண்டும். இதிலிருந்து எதை முடிவு செய்யலாம் என்று நான்கு தெரிவு கொடுத்தேன். "ஊரார் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது" என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துல ஜனநாயகம்னு படிச்சோமே மாமா."

கல் சொல்வது வேறு, கல்லைப் பற்றி நாம் சொல்வது வேறு. வாக்களித்தவர் யாருமில்லை, சீட்டு எடுக்கப்பட்டது. அதுவும் முதல் சல்லடையைத் தாண்டியவர்களுக்கு மட்டும். ஆக, தாய்மொழியிலேயே அவள் பத்தியை வாசிக்கவில்லை, தனக்கு முன்பே தெரிந்ததை வாசித்தாள். எந்த அகராதியும் இதைச் சரிசெய்யாது. அதன்பின் வாரம் இரண்டு பத்தி, ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம், ஒவ்வொரு தெரிவுக்கும் "இது எந்த வரியில் இருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்று மாற்றினோம். சலிப்பான வேலைதான். அக்டோபரில் அவளே என் கேள்வி ஒன்றில் பிழை கண்டுபிடித்தாள்.

அந்த முதல் சல்லடை இன்றும் உண்டு. கேட் மதிப்பெண் மட்டும் போதாது, பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாவற்றையும் ஐஐஎம்கள் சேர்த்துப் பார்க்கின்றன. புத்தகங்கள் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேசலாம். அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, டான்செட்டுக்கும் சேர்த்தே படிக்கிறேன் என்றாள்.

நானும் 2003 நவம்பரில் எழுதியவன்தான். வினாத்தாள் கசிந்து அந்தத் தேர்வே ரத்தானது. 2004 பிப்ரவரி 15 மறுதேர்வு. அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன், ப்ராஜெக்ட் என்று ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள், நானும் எதிர்த்துக் கேட்கவில்லை. அந்த அகர்வாலில் என் பென்சில் குறிகள் பாதிப் பக்கம் வரை இருக்கின்றன. அதற்கப்புறம் நீல மை, அவளுடையது. சில கணக்குகளுக்குப் பக்கத்தில் "விடு" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.

தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். கேட் தளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வை இந்த ஞாயிறும் எழுதுகிறாள். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.