இரண்டு கட்டம் தள்ளினால் ஊமையாகிற புத்தகம்

கரோ-கான் தற்காப்பைப் பழகவென்றே செஸ் நிரலுக்கான தொடக்க நகர்வுப் புத்தகம், அதாவது ஓர் ஓப்பனிங் புக் தயாரித்தேன். பிஜிஎன் கோப்பில் சேர்த்து வைத்திருந்த ஆட்டங்களைக் கொடுத்ததும் பாலிகிளாட் கருவி டாட் பின் கோப்பாக்கித் தந்தது. (மூன்று ஆட்டங்களிலாவது வந்த நகர்வைத்தான் அது இயல்பாகச் சேர்த்துக்கொள்ளும். சொந்தப் புத்தகத்துக்கு அந்த எண்ணை 1 ஆக்க மறந்தால் பாதி ஆட்டம் காணாமல் போகும்.) ஆறு வாரமாக அதே கோப்பைக் கணினியில் ஓர் இலவச செஸ் நிரலிலும் கைபேசியில் டிராய்ட்ஃபிஷிலும் ஓட்டி வருகிறேன்.

கைபேசியில் ஒரு குறையும் இல்லை. கணினியில்தான் வினை. வெள்ளையின் ராஜா சிப்பாய் இரண்டு கட்டம் போனதும் புத்தகம் ஊமையாகிவிடும். என்ஜின் தானே யோசித்து, நான் பழக விரும்பாத எதையோ ஆடும். பிழைச் செய்தி கிடையாது. கோப்பு ஏறிவிட்டது என்றே திரை சொல்லும். குதிரையில் தொடங்கினாலோ நொடியில் பதில் வரும். கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்து நான்கு முறை புதிதாகச் செய்தேன்.

கோளாறு சாவியில் இருந்தது. ஃப்ரூட் என்ஜினை எழுதிய ஃபேபியன் லெட்டூசேயின் இந்தப் பாலிகிளாட் வடிவத்தில் ஒரு பதிவுக்கு வெறும் 16 பைட். முதல் 8 பைட், பலகை நிலையின் சாவி. 781 நிலையான எண்களிலிருந்து அந்த நிலைக்கு உரியவற்றைக் கலந்து அதைக் கணக்கிட வேண்டும். காய்களுக்கு 768, கோட்டை கட்டும் உரிமைக்கு 4, என் பாசாந்துக்கு 8, யார் முறை என்பதற்கு 1. என் பாசாந்த் எண்ணை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். எதிரிச் சிப்பாய் பக்கத்துக் கட்டத்தில் வெட்டத் தயாராக நின்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். நான் பயன்படுத்திய நிரல், சிப்பாய் இரண்டு கட்டம் போகும்போதெல்லாம் சேர்த்துவிடுகிறது. சாவி மாறியதும் தேடல் வெறுங்கையோடு திரும்புகிறது. இந்த விதி வடிவத்தின் ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது. சரிபார்க்க மாதிரி நிலைகளும் சாவிகளும்கூட அங்கேயே உண்டு. அதைப் பார்க்காமல் 'பாலிகிளாட் ஆதரவு உண்டு' என்று எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்டை கட்டுவதிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. ராஜா தன் யானை நிற்கும் கட்டத்துக்கே போவதாகத்தான் கோப்பில் பதிவாகும். தெரியாத நிரல் அதைச் செல்லாத நகர்வென்று தள்ளிவிடும்.

ஆனாலும் இந்த வடிவத்தை விட எனக்கு மனமில்லை. வந்த வழியை அது கேட்பதில்லை, நிலையை மட்டுமே பார்க்கிறது. ராணிச் சிப்பாய்க்குப் பின் குதிரை வந்தாலும், குதிரைக்குப் பின் சிப்பாய் வந்தாலும் ஒரே பக்கம் திறக்கும். செஸ்பேஸின் சிடிஜி வடிவத்தில் வெற்றி தோல்விக் கணக்கு, பரிந்துரை நிறங்கள் என்று செல்வம் அதிகம்; பாலிகிளாட்டில் நகர்வுக்கு ஓர் எடை மட்டுமே. ஆனால் சிடிஜியின் உள்ளமைப்பைப் பிறர் தோண்டித்தான் அறிய வேண்டியிருந்தது. மூன்று கோப்புகளில் ஒன்றை நகலெடுக்க மறந்தாலும் அது திறக்காது. டிராய்ட்ஃபிஷ் இரண்டையும் படிக்கிறது, அரீனா நிரலின் ஏபிகே வடிவத்தையும் சேர்த்து.

கணினியில் வேறு நிரல் தேடிக்கொண்டிருக்கிறேன். எதை நிறுவினாலும் முதல் வேலை ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதுதான்.