பிராம்ஸுக்குப் பிறகு நடந்தது

வில்லியம் ஸ்டைரனின் 'டார்க்னெஸ் விசிபிள்' பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். 1985 டிசம்பர், கனெக்டிகட்டில் ஒரு குளிர் இரவு. இனி இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட அறுபது வயது நாவலாசிரியர் டேப்பில் ஒரு படம் பார்க்கிறார். அதில் பிராம்ஸின் 'ஆல்டோ ராப்சடி' ஒலிக்கிறது. மாதக்கணக்கில் எந்த இசையும் தொடாத மனதை அது குத்திவிடுகிறது. அப்புறமென்ன, "கலை காப்பாற்றிவிட்டது" என்று நாம் உருக ஆரம்பித்துவிடுவோம். இலக்கிய வாசகனுக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது?

அடுத்த பத்தியையும் படிக்கணும். அவர் மனைவியை எழுப்புகிறார். யார் யாருக்கோ போன் போகிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். கிட்டத்தட்ட ஏழு வாரம் அங்கே இருக்கிறார். பிராம்ஸ் செய்தது அவரை மாடிக்கு அனுப்பியது மட்டும்தான். மிச்சத்தைச் செய்தது மனைவியும் டெலிபோனும் ஒரு கட்டிலும்.

நூறு பக்கம்கூட வராத இந்தப் புத்தகம் எனக்கு முக்கியமாகப் படுவது இருட்டைப் பற்றிய அழகான வர்ணனைகளுக்காக இல்லை. உதவி எப்படி வந்தது, எப்படித் தாமதமானது என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. அவருடைய மருத்துவரே, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பெயர் கெட்டுவிடும் என்று தள்ளிப்போடச் சொல்கிறார். நம் வீடுகளில் பெரியம்மா சொல்லும் அதே காரணம், அங்கே டாக்டர் வாயிலிருந்து! சில வாரங்கள் முன்பே போயிருக்கணும் என்கிறார் ஸ்டைரன். அங்கே குணப்படுத்தியது தனிமையும் காலமும்தான் என்றும் எழுதுகிறார். இன்னொரு ஆளும் உண்டு. இதே மாதிரி நோயில் விழுந்து எழுந்த பத்திரிகையாள நண்பர். அநேகமாகத் தினமும் போன் செய்கிறார். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. இது போய்விடும், பொறு. திரும்பத் திரும்ப அதேதான்.

'டிப்ரஷன்' என்ற சொல்மீது ஸ்டைரனுக்குக் கடுப்பு. பொருளாதார மந்தத்துக்கும் தரையில் உள்ள பள்ளத்துக்கும் அதே சொல் என்றால் அந்த வேதனைக்கு என்ன மரியாதை? நம் நிலைமை இன்னும் மோசம். ரிலீஸ் தள்ளிப்போன வெள்ளிக்கிழமையும் 'மன அழுத்தம்', மூன்று மாதமாகக் குளிக்கக்கூட எழ முடியாததும் 'மன அழுத்தம்'. ஆபீஸில் இரண்டுக்கும் ஒரே மருந்து, ஹெச்ஆர் நடத்தும் யோகா வகுப்பு. 'மனச்சோர்வு' என்று சரியான சொல் இருக்கிறது. ஆனால் சோர்வு என்றதும் "தூங்கி எழுந்தா சரியாயிடும்பா" என்று பதில் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் போகலாம் என்ற எளிய கணக்கு இந்தச் சொற்களுக்குள் தொலைந்துபோகிறது.

ஸ்டைரனுக்கு மனைவி இருந்தார், வசதி இருந்தது, லீவு கேட்க வேண்டிய மேனேஜர் இல்லை. ஷேரிங் ரூமில் இருக்கிற பையன் இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவான்? அந்தக் கேள்வி புத்தகத்துக்குள் இல்லை. இங்கே 2022 முதல் அரசின் டெலி மானஸ் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

என் பெரிய புகார் முடிவைப் பற்றி. தாந்தேயைத் துணைக்கழைத்து, நரகத்திலிருந்து வெளியே வந்து நட்சத்திரங்களைப் பார்ப்பதோடு முடிக்கிறார். அழகுதான். ஆனால் புத்தகம் 1990-இல் வந்தது. 2000-இல் அந்த நோய் திரும்பவும் அவரைக் கடுமையாகப் பிடித்தது. மகள் அலெக்ஸாண்ட்ரா 2011-இல் எழுதிய 'ரீடிங் மை ஃபாதர்' நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.