மணல் முற்றத்தில் ராம்ப்: உப்புவெளி வீடுகளுக்கு ஒரு மதிப்பீடு

காரின் முன் சில்லுகளையோ பின் சில்லுகளையோ ஓட்டியேற்றி நிறுத்துவதற்கான சாய்வுத் தளங்களே ராம்ப். சோடியாகத்தான் விற்கப்படும். சாதாரண சோடி ஒன்று காரை ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. வரை உயர்த்தும். ஒயில் மாற்றவும், பில்டர் கழற்றவும், அடித்தளத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் அந்த உயரம் போதும். சில்லு ராம்பின் மேலேயே நிற்பதால் ரயர் கழற்றுவதற்கும் பிரேக் வேலைக்கும் இது உதவாது. அவற்றுக்கு ஜக்கும், காரைத் தாங்கி நிற்கும் ஸ்ராண்டுகளும் வேண்டும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருந்த காரையே பேணிக் காக்க வேண்டிய நிலை அந்த இடைவெளியில் எல்லோருக்கும் வந்தது. கடலோர ஊரான உப்புவெளியில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் குழாய், சைலன்சர், கதவுக்குக் கீழுள்ள விளிம்பு ஆகியவற்றை உப்பு மெல்ல அரிக்கும். வாடைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிப் பார்ப்பது இங்கே அவசியமான வேலை.

ராம்பைத் தேர்வதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். இவ்வூர் முற்றங்கள் பெரும்பாலும் மணல். மணலில் ராம்பின் ஒரு கால் புதைந்தாலே கார் பக்கவாட்டில் சரியும். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. பாரம் ஏறும்போது பலகையும் சேர்ந்து சாயும். சமமான சீமெந்துத் தளம் இல்லாத வீட்டில் ராம்பைப் பயன்படுத்தவே கூடாது. வெற்றுச் சீமெந்துக் கற்களை அடுக்கிக் காரை ஏற்றுவது அதைவிட மோசம். அந்தக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இரும்பு ராம்ப் பலமானது. ஆனால் கடலோரத்தில் அதன் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளிப்பூச்சு பளபளப்பாக இருந்தாலும் ஒட்டிணைப்புகளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பிளாஸ்ரிக் ராம்ப் துருப்பிடிக்காது. அதற்குப் பகை வெயில். நிழலில் வைக்க வேண்டும், வெடிப்போ வெளிறிய கோடோ தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

பொறிக்கப்பட்ட எடை வரம்பு ஒரு ராம்புக்கா, சோடிக்கா, முழு வாகனத்துக்கா என்பதைக் கவனிக்க வேண்டும். ரொயோட்டா அக்வாவின் எடை ஏறக்குறைய 1,080 கிலோ. முன்சில்லு இழுவைக் கார்களில் ஏறத்தாழ 60 வீதம் முன்னால் விழும். எனவே ஒவ்வொரு ராம்புக்கும் 325 கிலோ வரை வரும். வரம்பு அதைப்போல் இரு மடங்காவது இருப்பது நல்லது. அக்வாவின் தரை இடைவெளி 14 செ.மீ. அளவுதான், செங்குத்தான ராம்பில் பம்பர் முதலில் இடிக்கும். அதற்கு நீண்ட, தாழ்ந்த சாய்வுள்ளதே பொருந்தும். சுசுக்கி அல்ரோவுக்குச் சாதாரண சோடி போதும்.

ஏற்றும்போது இருவர் வேண்டும். வழிகாட்டுபவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காருக்கும் சுவருக்கும் இடையில் ஒருபோதும் நிற்கக் கூடாது. வழுவழுப்பான சீமெந்தில் ராம்ப் நகராமலிருக்க நீளமான இறப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் ஒரு முனையில் சில்லையும் மறுமுனையில் ராம்பையும் வைத்தால் காரின் பாரமே விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ரியரிங்கை நேராக வைத்து, மெதுவாக, நிறுத்தாமல் ஏற வேண்டும். மேலே வந்ததும் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, ஓட்டோ கியரை ‘பி’யில் விட்டு, தரையிலிருக்கும் பின் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். அதன் பின் காரைப் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டே அடியில் போக வேண்டும். பிள்ளைகளும் நாய்களும் அருகில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹைபிரிட் காரில் இன்னொரு அபாயம் உண்டு. சத்தமின்றி நிற்கும் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கலாம். பவரை அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. புது ஒயில் ஊற்றியபின் அளவை ராம்பின் மேல் பார்த்தால் தவறாகக் காட்டும். சமதரைக்கு இறக்கிய பிறகே பார்க்க வேண்டும். கழித்த ஒயிலை மணலில் ஊற்றினால் அது கிணற்று நீர் வரை இறங்கும். கானில் சேர்த்து, அதை ஏற்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

உப்புவெளிக்குப் பொருத்தமானது, எடை வரம்பு தெளிவாகப் பொறித்த பிளாஸ்ரிக் சோடி. முற்றம் மணலாக இருந்தால் முதலில் சீமெந்துத் தளம் போடுங்கள்; ராம்பைப் பிறகு வாங்கலாம்.