பாதி சரி, மீதியைப் பார்!

உங்கள் வீட்டு வைஃபை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒரு குட்டி பட்டன் இருக்கலாம். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எட்டு இலக்க எண் ஒன்றும் இருக்கலாம். நீளமான பாஸ்வேர்டை அடிக்கச் சோம்பல்படும் ஜனங்களுக்காக 2006-ல் கொண்டுவந்த சௌகரியம் இது. இந்த எண்ணைக் கொடுத்தாலே போதும், பெட்டி உங்கள் பாஸ்வேர்டையே எடுத்து நீட்டிவிடும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எட்டாவது இலக்கம் முதல் ஏழை வைத்துக் கணக்கிடுவது. அதில் ரகசியமே இல்லை. ஆக, பத்துக் கோடி ஒரு கோடியாகிறது. போகட்டும். அடுத்ததுதான் அநியாயம். பெட்டி எட்டையும் ஒரே மூச்சில் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கைத் தனியாகப் பார்த்துத் தப்பா, ரைட்டா என்று அப்போதே சொல்லிவிடுகிறது. கள்ளச்சாவி போடுகிறவனிடம் பூட்டே 'பாதி சரிப்பா, மீதியைப் பார்' என்று சொன்னால் எப்படி? முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. மொத்தமே 11,000 முயற்சிதான்! 2011-ல் ஸ்டெஃபான் வீபோக் என்பவர் இதை வெளியே சொன்னார். பல பெட்டிகளுக்குச் சில மணி நேரம் போதுமாக இருந்தது.

'ஜனங்கள் அசட்டையாக இருக்கிறார்கள்' என்று நம்மைத்தான் திட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது எழுத்தில் பாஸ்வேர்டு வைத்த சமர்த்துப் பிள்ளைகளையும் சேர்த்தே கவிழ்த்தது இந்த வடிவமைப்பு.

சுவர் காப்பாற்றாதோ? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். செங்கல் சுவர் அதை இளைக்க வைக்குமே தவிர நிறுத்தாது. ஜன்னல் கேட்கவே வேண்டாம். (பெட்ரூமில் வராத சிக்னல் தெருமுனையில் ஜோராக வரும். அது வேறு வயிற்றெரிச்சல்.) வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதும் வீண். உங்கள் செல்போனே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

'என்ன, ஓசியில் யாரோ சினிமா பார்ப்பான், அவ்வளவுதானே?' என்பீர்கள். 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. அது போன வழி, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை. சம்பந்தமே இல்லாத மனிதர். போலீஸ் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப்போய் விசாரித்தது. அவர் வைஃபையாவது திறந்து கிடந்தது. டபிள்யூ.பி.எஸ். பெட்டிக்காரர், 'நான் பூட்டித்தானே வைத்திருந்தேன்?' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பெட்டியின் செட்டிங்ஸுக்குப் போய் டபிள்யூ.பி.எஸ்ஸை அணையுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கிறதா பாருங்கள். அந்த செட்டிங்ஸ் பக்கத்துக்கே 'அட்மின், அட்மின்' என்றிருந்தால் அதையும் மாற்றுங்கள். சில பழைய பெட்டிகளில் அணைத்த பிறகும் டபிள்யூ.பி.எஸ். உள்ளே உயிரோடு இருந்தது. அந்த ரகம் வாய்த்திருந்தால் காயலான் கடைதான்.