கழுவிக் கவிழ்த்த பாட்டில்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஒருவரை எடைபோட வேண்டுமா? அவர் ஊற்றித் தருவதை உடனே வாயில் வைக்காதீர்கள். அடுத்த தடவைக்கென்று அவர் எடுத்து வைத்திருக்கும் காலி பாட்டில் ஒன்றை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அடிவட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறக் கீற்று தெரிகிறதா? கழுத்தின் உட்புறம் மெல்லிய வளையம் இருக்கிறதா? தோள் வளைவில் ஏதேனும் மங்கல்? ஒன்றும் இல்லையென்றால் நம்பிக் குடிக்கலாம். மால்ட், ஹாப்ஸ் வகைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். பாட்டில் கழுவத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். என் கட்சி எப்போதும் அந்தக் கொஞ்சப் பேரோடுதான்.

பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963இல் போனது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். அங்கே ஒரு தடவைக்கான வழக்கமான அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். 355 மில்லி பாட்டில்களில் நிரப்பினால் ஐம்பதைத் தாண்டும். காய்ச்சும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். நொதிக்க வைப்பது ஈஸ்ட்டின் பாடு. மனிதக் கை ஐம்பது முறை ஒரே வேலையைச் சலிக்காமல் செய்ய வேண்டிய இடம் இந்தப் பாட்டில்கள்தான்.

கடையில் வாங்கும் பீர் பெரும்பாலும் வடிகட்டியது. பாட்டில் காலியானால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. வீட்டு பீர் அப்படியல்ல. மூடி போடுவதற்கு முன் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். உள்ளே உயிரோடிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும்; பீருக்குப் பொங்கும் குணம் வருவது அதனால். வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் மண்டியாக உட்காரும். ஊற்றும்போது கடைசி விரல்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும்.

வித்தை தொடங்குவது அங்கேதான். ஊற்றிய கையோடு வெந்நீர் விட்டு மூன்று முறை குலுக்கிக் கொட்டினால் மண்டி முழுதும் போய்விடும். அரை நிமிட வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால், சோற்றுப்பானையின் அடிப்பருக்கைபோல அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் போனால் பூஞ்சணம் குடியேறும். பேச்சுக்கு நடுவே, கோப்பையின் முதல் மிடறுக்குக்கூடக் காத்திராமல் எழுந்து குழாயடிக்குப் போய் வருகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். விருந்தினர் கண்ணுக்கு அது கிறுக்காகத் தெரியலாம். தெரியட்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? நோய்க்குப் பயந்து அல்ல. மதுவும் ஹாப்ஸின் கசப்பும் புளிப்பும் சேர்ந்த பீரில் மனிதனைப் படுக்க வைக்கும் கிருமிகள் பொதுவாகப் பிழைப்பதில்லை. பயப்பட வேண்டியது ருசியைக் கெடுப்பவற்றுக்கு. லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றித் தனி நூலே எழுதினார்; பீர் கெட்டுப்போவது வேண்டாத நுண்ணுயிர்களால்தான் என்பது அதன் சாரம். பீர் ஈஸ்ட்டுக்குச் செரிக்காமல் மிஞ்சும் மாவுச் சர்க்கரைகளைச் சில காட்டு ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் நிதானமாகத் தின்று தீர்க்கும். வாயு ஏறிக்கொண்டே போகும். திறந்தால் பாதி பீர் கூரைக்குப் போகும். சில சமயம் திறப்பதற்கு முன்பே பாட்டில் வெடிக்கும். ஐம்பதில் ஒன்று மட்டும் இப்படிப் பொங்கினால் காய்ச்சியதில் கோளாறில்லை, அந்த ஒரு பாட்டிலைக் கழுவியதில்தான் கோளாறு.

அழுக்கு நீக்குவது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறு வேலை. எவ்வளவு வீரியமான கிருமிநாசினியும் காய்ந்த கசடுக்கு அடியில் புகாது. ஆகவே கசடு முதலில். அதற்கு இந்த வட்டாரத்தின் செல்லப்பொருள் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். ஒன்று பிசுக்கை இளக்கும், மற்றது ஆக்சிஜன் குமிழ்களால் அதைக் கிளப்பிவிடும். 50, 60 டிகிரி வெந்நீரில் பாட்டில்களை ஊறவிட்டால், கொஞ்ச நேரத்தில் பசை விட்டு லேபிள்கள் தாமாக மிதந்து வரும். சுரண்டாமல், கீறாமல் ஒரு முழு லேபிள் கழன்று மேலே வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. உலோகப் பூச்சுள்ள லேபிள்கள் மட்டும் மசியாது. அந்த பிராண்டைக் குடிக்காமல் இருப்பதே உத்தமம். கடினநீர் உள்ள ஊரில் இரவெல்லாம் ஊறவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். வினிகர் விட்டு அலசினால் போகும்.

பாத்திரம் கழுவும் திரவம் கூடாது. அதன் மிச்சம் பீரின் நுரையை நிற்கவிடாது, வாசனையும் போகாது. குளோரின் பிளீச்சும் எனக்கு ஆகாது. துளி மிஞ்சினாலும் பீரிலுள்ள பீனால்களோடு கூடி ஆஸ்பத்திரி வாடை கிளப்பும். அதை மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும்.

அடுத்து அலசுதல். குழாயில் மாட்டும் பித்தளைப் பீச்சான் ஒன்று இருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் அழுத்தினால் தண்ணீர் நேரே அடிக்குப் பாயும். வெளியே எடுத்ததும் பாருங்கள்: உள்சுவரில் நீர் ஒரே ஏடாக வழிந்தால் கண்ணாடி சுத்தம். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது, மறுபடி ஊறட்டும்.

கழுவியவற்றைக் கவிழ்த்து மாட்ட, கிளை கிளையாகக் கொக்கி நீட்டிய தாங்கி உண்டு. இதற்குக் கலை வரலாற்றில் இடமிருக்கிறது. மார்செல் டுஷாம்ப் 1914இல் பாரிஸ் கடையொன்றில் இத்தகைய இரும்புத் தாங்கியை வாங்கி, எதுவும் செய்யாமல் அதையே கலைப்பொருள் என்றார். அவர் அமெரிக்கா போனபின் ஸ்டூடியோவை ஒழுங்குபடுத்திய தங்கை அதைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். பின்னாளில் வந்த பிரதிகள்தான் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அந்தத் தாங்கிக்கு ஒரே குறை, அதில் பாட்டில் இல்லை. ஐம்பது பழுப்புப் பாட்டில்கள் தலைகீழாகத் தொங்க, பின்னாலிருந்து வெயில் விழும்போதுதான் அது முழுமை அடைகிறது.

நிரப்பும் நாளில் கிருமிநீக்கம். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஸ்டார் சான் பலரின் தேர்வு. 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும், ஓரிரு நிமிடம் பட்டால் போதும், பிறகு அலசவும் வேண்டாம். ஆனால் பயங்கரமாக நுரைக்கும். புதியவர்கள் நுரையைப் பார்த்து மிரண்டு, குழாய்த் தண்ணீரில் அலசிச் செய்த வேலையை வீணாக்குவார்கள். கைதேர்ந்தவர் நுரையின் மேலேயே பீரை நிரப்புவார். அவ்வளவு நீர்த்த அமிலம் ருசியில் தெரியாது. ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் வாயில் அலுமினியத் தாள் கட்டி, அடுப்பறை அவனில் 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். தாள் கிழியாதவரை சுத்தம் நிலைக்கும். சூடேற்றுவதும் ஆற்றுவதும் மெதுவாக நடக்க வேண்டும், அவசரப்பட்டால் கண்ணாடி விரியும்.

இத்தனை உழைப்பையும் தாங்கத் தகுதியான பாட்டிலாகவும் பார்த்து எடுக்க வேண்டும். திருகு மூடிப் பாட்டில் இதற்கு உதவாது. கிரீட மூடி அதில் உறுதியாகப் பிடிக்காது. பச்சைக் கண்ணாடி அழகுதான், ஆனால் வெளிச்சத்தை உள்ளே விட்டு ஹாப்ஸை நாறடிக்கும். ஜெர்மனியின் அரை லிட்டர் பழுப்புப் பாட்டிலுக்கு இணை இல்லை என்பேன். 8 சென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்து, திரும்பி வந்ததை ஆலையில் சூடான காஸ்டிக் சோடாவில் கழுவி, மீண்டும் மீண்டும் நிரப்புவதற்கென்றே தடிமனாக வார்த்தது அது. இயந்திரக் கழுவலுக்கே அசராத கண்ணாடி கைக் கழுவலுக்கா அசரும்?

உங்களுக்கு யாராவது வீட்டு பீர் கொடுத்து அனுப்பினால், ருசியைப் பாராட்டி எழுதுவது இருக்கட்டும். குடித்த உடனே பாட்டிலை மூன்று முறை அலசி, கவிழ்த்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவையும் உங்களுக்கு ஒன்று வரும்.