பெயரில் கணக்கு இருக்கிறதா?

தமிழில் வேதியியல் என்று பேச்செடுத்தாலே நம்மவர் நடுவே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஹைட்ரஜனை நீரகம் என்றும் ஆக்சிஜனை உயிர்வளி என்றும் சொல்லியே தீரவேண்டும் என்பது ஒரு கட்சி. "எதுக்கு சார் இந்த வீண் வேலை? இங்கிலீஷ் பேரே இருந்துட்டுப் போகட்டும்" என்பது இன்னொன்று. இரு தரப்பாரும் தனிமத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, சேர்மத்தின் பெயரைக் கோட்டை விட்டுவிட்டார்கள் என்பதே என் விமர்சனம்.

தனிமத்தின் பெயர் ஓர் அடையாளம், அவ்வளவே. ஆக்சிஜன் என்ற சொல்லுக்குக் கிரேக்க வேர்ப்படி 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. பொருள் பிசகிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. சேர்மத்தின் பெயர் அப்படியல்ல. 1787இல் லவாய்சியேயும் தோழர் மூவரும் பாரிசில் புதிய பெயரிடுமுறையை வெளியிட்டபோது, பெயரே உட்பொருளைச் சொல்ல வேண்டும் என்றார்கள். 1813இல் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் எழுத்துக் குறியீடுகளை முன்வைத்தார். இன்றைய வாய்ப்பாடு அதிலிருந்து வளர்ந்ததுதான். பெயரிலிருந்து வாய்ப்பாட்டுக்கும், வாய்ப்பாட்டிலிருந்து பெயருக்கும் பிள்ளை போய்வர முடிகிறதா? இதுவே நான் வைக்கும் உரைகல்.

இதில் நம் பழம்பெயர்களை உரைத்துப் பார்ப்போம். மயில்துத்தம், அன்னபேதி, நவச்சாரம், படிகாரம் எல்லாம் அழகான பெயர்கள். சித்த மருத்துவத்தில் வீரம், பூரம் என்று இரண்டு உண்டு. இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. வீரத்தில் ஒரு பாதரச அணுவுக்கு இரண்டு குளோரின். பூரத்தில் ஒன்றுக்கு ஒன்று. வீரம் நீரில் கரையும் கொடிய நஞ்சு. பூரமோ ஏறக்குறையக் கரையாதது. மேல்நாட்டு மருத்துவர்கள்கூட அதை நெடுங்காலம் பேதிமருந்தாகக் கொடுத்தார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிந்து தனித்தனிப் பெயர் வைத்தது நம் முன்னோரின் கூர்மை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதையும், வேற்றுமை எண்ணிக்கையில்தான் என்பதையும் அப்பெயர்கள் சொல்வதில்லை.

கரியமில வாயுவும் இதே குறை உடையது. கரி தெரிகிறது, ஆக்சிஜன் எத்தனை என்பது தெரியவில்லை. இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. வடநாட்டுக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அங்கீட்டி மூட்டித் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தியை நாம் படிக்கிறோம். "கரியமில வாயு அடைச்சிடுச்சு" என்று பேசிக்கொள்கிறோம். கொன்றது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ அதற்கு இல்லை; ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். வாய்ப்பாட்டில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான் குறைவு. அந்த ஒன்றைப் பெயர் சொல்லவேண்டாமா?

இதற்கு இலங்கைத் தமிழர் கண்ட வழி என்னை வியக்கவைக்கிறது. அங்குள்ள பாடநூல்களில் ஒன்று காபனோரொட்சைட்டு, மற்றது காபனீரொட்சைட்டு. ஓராயிரம், ஈராயிரம் என்கிற அதே ஓர், ஈர்தான். தனிமத்தின் பெயர் உலகப் பொது. எண்ணிக்கை மட்டும் தமிழ். நம் இரு கட்சிகளுக்கும் கிட்டாத நடுவழி இது. புணர்ச்சியில் உறுப்புகள் மறைந்து, புதிதாய்ப் படிப்பவரைத் திணறவைக்கும் என்பது உண்மை. 'காபன் ஈர்-ஒட்சைட்டு' என்று பிரித்து எழுதினால் அக்குறையும் தீரும்.

எல்லாச் சேர்மத்துக்கும் இவ்வழி போதாது என்பதையும் சொல்லவேண்டும். கால்சியம் குளோரைடில் எண் வெளியே தெரியாது. கால்சியத்தின் இணைதிறன் இரண்டு, குளோரினுடையது ஒன்று என்று தெரிந்தால் வாய்ப்பாடு தானே வரும். இரும்புக்கு இணைதிறன் இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறார்கள். வாய்ப்பாட்டின் எழுத்துகளைத் தமிழாக்கவும் தேவையில்லை. இரும்பின் குறியீடு லத்தீன் பெர்ரம் என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலப் பிள்ளையும் அதை மனப்பாடம்தான் செய்கிறது.

1961இல் மைய அரசு அமைத்த அறிவியல் கலைச்சொல் ஆணையம், தனிமம், சேர்மங்களின் பெயர்களைப் பன்னாட்டு வடிவிலேயே கொள்ளச் சொன்னது. ஆகவே நம் பிள்ளைகள் இங்கே ஹிந்தியில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் மோனோ, டை, ட்ரை என்றே ஒப்பிக்கிறார்கள். அவை நம் ஓர், ஈர், மூ என்று வீட்டில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். ஒப்பித்த பெயருக்குள் ஒரு கணக்கு இருப்பது புரிந்துவிடும். வீட்டுத் தமிழும் பள்ளிப் பாடத்துக்கு உதவும் என்பது கூடவே விளங்கும்.